பிடுங்கினாலும் ஓடும்

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியின் கீழ்த்தளத்தில் ஏழு லேத்துகளும் மாடியில் ஒரு சர்வரும் இருந்தன. கீழே எண்ணெய் வாடை, மேலே ஏ.சி. முதலாளிக்குக் கீழ்த்தளத்தில் ‘ஓனர்’ என்று பெயர். படியேறி மாடிக்கு வந்துவிட்டால் அவர் ‘எம்.டி.’ பதினெட்டுப் படிகளில் ஒரு மனிதருக்கு இவ்வளவு பெரிய பதவி உயர்வு கிடைத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. வெளிநாட்டுத் தொழிற்சாலைகள் தங்கள் பழைய காகித வரைபடங்களை மூட்டை மூட்டையாக எங்களுக்கு அனுப்பும். பம்பு, வால்வு, குழாய் இணைப்பு. மாடியில் பதினான்கு பேர் அவற்றைக் கணினியில் மறுபடி வரைவார்கள். வரைந்ததெல்லாம் ஒரே சர்வரில் போய்ச் சேரும். அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. பதவியின் பெயர் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும், ஏ.சி. ஒழுகினாலும், எம்.டி.யின் இளைய மகளுக்குப் பள்ளியில் எரிமலைப் படம் ஒட்டச் சொன்னாலும் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அப்பா அங்கே ஃபிட்டர். அவரைப் பொறுத்தவரை அரசாங்கம் கொடுப்பது மட்டும்தான் வேலை, மற்றதெல்லாம் பொழுதுபோக்கு. ‘பொண்ணு என்ன பண்றா?’ என்று யாராவது கேட்டால், ‘கம்ப்யூட்டர் தொடைக்கிறா’ என்பார். எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளி ஒரு திருநெல்வேலிக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அக்கா எங்கள் கம்பெனியில்தான் மூத்த வரைவாளர். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள். இருவரும் ஆவடியில் ஒரே ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி எஸ்டேட்டுக்குள் நடப்போம்.

காலை ஒன்பதரைக்குப் பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் வரைபடங்களைத் திறப்பார்கள். சர்வர் அப்போது மூச்சை நிறுத்திவிடும். பெரிய பம்பின் முழுப் படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கீழே போய் டீ குடித்து வரலாம். டீ நன்றாக இருந்தால் இன்னொன்றும் குடிக்கலாம்.

‘‘ஏட்டி, உன் மிசினு தூங்குதா, செத்துட்டா? ஒரு வார்த்தை சொன்னா நாங்க அதுக்கேத்தபடி நடந்துக்கிடுவோம்லா’’ என்பாள் அக்கா, எல்லோர் காதிலும் விழும்படி.

சர்வரோடு வந்த கையேடுகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் எம்.டி.யின் அலமாரியில் அழகுக்கு இருந்தன. அனுமதி வாங்கி ஒவ்வொன்றாக எடுத்து ரயிலில் படித்தேன். சர்வருக்குள் இரண்டு டிஸ்க்குகள் இருப்பதும், எல்லா வரைபடங்களும் ஒன்றில் மட்டும் குவிந்திருப்பதும், இன்னொன்று நாள் முழுக்கச் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. எங்கள் குவார்ட்டர்ஸில் தண்ணீர் லாரி வந்தால் இரண்டு குழாய் இருந்தும் ஒரே குழாயில் தெருவே முட்டிக்கொண்டு நிற்குமே, அந்தக் கதைதான். கையேட்டில் அதற்கு வழி இருந்தது. இரண்டு டிஸ்க்குகளையும் சேர்த்து லாஜிக்கல் வால்யூம் என்று ஒன்றை உருவாக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரே டிஸ்க். உள்ளே ஒவ்வொரு வரைபடத்தையும் துண்டு துண்டாக்கி, இதில் ஒன்று அதில் ஒன்று என்று மாற்றி மாற்றி எழுதும். திறக்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். இரண்டில் ஒன்று செத்தால் மொத்தமும் போய்விடும் என்பதும் அதே பக்கத்தில் இருந்தது. அதனால் ஒவ்வொரு மாலையும் டேப்பில் நகல் எடுப்பது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து அதைச் செய்தேன். திங்கட்கிழமை காத்திருக்கும் நேரம் பாதியானது. அக்காவே ஒரே டீயோடு திரும்பி வந்துவிட்டாள். பெருமை தாங்காமல் எம்.டி.யிடம் போய்ச் சொன்னேன்.

‘‘என்ன வாங்கினே?’’ என்றார்.

‘‘ஒண்ணும் வாங்கலை சார். இருக்கறதையே மாத்தி அமைச்சேன்.’’

‘‘வாங்காம எப்படிம்மா இம்ப்ரூவ் ஆகும்?’’

அவர் வளர்ந்த உலகத்தில் இம்ப்ரூவ்மென்ட் என்பது லாரியில் வந்து இறங்கும். அதற்குத் தேங்காய் உடைப்பார்கள். நான் செய்ததற்குத் தேங்காய் எங்கே உடைப்பது என்றே தெரியாது.

லாரியில் இறங்குகிற இம்ப்ரூவ்மென்ட்டும் ஒருநாள் வந்தது. சித்திரை வெயிலில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு ஒரு விற்பனையாளர் வந்தார். அவர் கொண்டுவந்தது இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. முன்பக்கம் ஆறு அறைகள். ஐந்தில் டிஸ்க்குகள், ஆறாவது காலி. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு கைப்பிடி, ஒரு பச்சை விளக்கு. பெயர் ரெய்டு. விற்பனையாளர் அதைச் சர்வரோடு இணைத்து, சில வரைபடங்களை அதில் ஏற்றி, திரையில் ஒன்றைத் திறந்துவைத்தார். பிறகு எம்.டி.யைப் பார்த்து, ‘‘சார், உங்க கையாலயே ஏதாவது ஒரு டிஸ்க்கைப் பிடுங்குங்க’’ என்றார்.

‘‘பிடுங்கவா?’’

‘‘பிடுங்குங்க சார்.’’

எம்.டி. பிடுங்கினார். பெட்டி ‘கீ’ என்று கத்தியது. ஒரு விளக்கு சிவப்பானது. திரையில் வரைபடம் அசையாமல் அப்படியே இருந்தது. பெரிதாக்கினார்கள், சிறிதாக்கினார்கள், எதுவும் ஆகவில்லை. ஐந்தில் எந்த ஒன்று போனாலும் மற்ற நான்கில் இருப்பதை வைத்துக் கணக்குப் போட்டுக் காணாமல் போனதைக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்றார் விற்பனையாளர். எம்.டி. கையில் டிஸ்க்கோடு அப்படியே நின்றார். முதல் குழந்தையைக் கையில் வாங்கியபோதுகூட அந்த முகம் அவ்வளவு மலர்ந்திருக்காது.

‘‘பிடுங்கினாலும் ஓடுது!’’ என்றார்.

அன்றே வாங்குவதென்று முடிவானது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: அந்தக் கத்தல் வேண்டாம். ‘சனியன், சாவு வீட்டு மாதிரி’ என்றார். விற்பனையாளரின் ஆள் எச்சரிக்கை ஒலியை அணைத்துவிட்டுப் போனார். பெட்டிக்காக மாடியின் மூலையில் ஒரு கண்ணாடி அறை கட்டினார்கள். அதன் பக்கத்தில் பிளாட்டர், அதாவது பாய் அகலத்துக்குப் படம் வரைந்து தள்ளும் யந்திரம். நான் எதிர்க்கோடியில், ஏ.சி. ஒழுகுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் வாரம் எல்லாம் பறந்தது. இரண்டாவது வாரம் முக்கியது. மூன்றாவது வாரத்தில் பழைய இரண்டு டிஸ்க் காலமே தேவலை என்றார்கள். சில நாள் காலையில் நன்றாக ஓடும், பதினொன்றரைக்குப் படுத்துவிடும், மாலைவரை எழுந்திருக்காது. சில நாள் முழுக்க ஒரு குறையும் இருக்காது. விற்பனையாளரின் ஆள் வந்து கேபிளைச் சந்தேகப்பட்டார். கேபிளை மாற்றினோம். எம்.டி. வரைவாளர்களைச் சந்தேகப்பட்டார். எல்லோர் கணினியிலும் சீட்டாட்டத்தை அழித்தேன். பதினான்கு பேரின் சாபமும் எனக்குத்தான் வந்தது. கடைசியில் பூந்தமல்லியிலிருந்து ஒரு வாஸ்து நிபுணர் வந்தார். பெட்டி தெற்குப் பார்த்து இருப்பதால் எமன் நேராக உள்ளே வருகிறான் என்றார். பாதி நாள் சர்வரை நிறுத்திப் பெட்டியைக் கிழக்குப் பார்க்கத் திருப்பினோம். அன்றும் மறுநாளும் வெளியாட்கள் யாரையும் மாடிக்கு விட வேண்டாம் என்று அவர் சொல்லிப் போயிருந்தார். அந்த இரண்டு நாளும் சர்வர் குதிரையாக ஓடியது. வாஸ்துவை நம்பாத என்னை எம்.டி. பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

மூன்றாம் நாள் குதிரை மறுபடி படுத்துக்கொண்டது.

உண்மையைச் சொன்னவர் பிளாட்டர் ஆபரேட்டர். கள்ளிக்குப்பத்துக்காரர், முப்பதை நெருங்கிய வயது. ஊரில் நிலம் பாதி மனையாகிவிட்டது, மீதியில் இவர் அப்பா நெல் போட்டுக்கொண்டிருந்தார். விடியற்காலையில் எருமை கறந்துவிட்டு வேலைக்கு வருவார். ஒருநாள் நான் கண்ணாடி அறைக்கு வெளியே தலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் வந்தார்.

‘‘இன்னா மேடம், ஒரு மாரியா கீறே?’’

‘‘எதனால ஸ்லோ ஆகுதுன்னே புரியலைங்க.’’

‘‘நம்ம ஓனரு டெய்லி அத்த புட்ங்கி புட்ங்கி சொருவுறாரே, அதுனாலயா இருக்குமோ?’’

‘‘எதைப் பிடுங்கறாரு?’’

‘‘அதான், அந்த டப்பாவ. யாராச்சும் வந்தா உள்ள இட்டுகினு போவாரு. ஒண்ண புட்ங்கி காட்டுவாரு. வந்தவங்க ஆ-ன்னு பாப்பாங்கோ. திருப்பி சொருவிட்டு காப்பி குடிக்க பூடுவாங்கோ.’’

‘‘ஏங்க இத முன்னாடியே சொல்லலை?’’

‘‘நீ கேக்கவே இல்லியே மேடம். நான் அது எதோ பூஜ மாரின்னு நென்ச்சிகினு இருந்தேன்.’’

ஓடிப்போய் பெட்டியின் பதிவேட்டைத் திறந்தேன். எந்த டிஸ்க் எப்போது காணாமல் போனது, எப்போது திரும்பி வந்தது என்று வரிசையாக இருந்தது. அதைத் தாளில் எழுதிக்கொண்டு வாசல் வாட்ச்மேனிடம் போய்ப் பார்வையாளர் நோட்டை வாங்கினேன். பாங்க் மேனேஜர் வந்த நாள், மூன்றாவது டிஸ்க். மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்களின் மாமா, முதல் டிஸ்க். குத்தம்பாக்கத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த சொந்தக்காரர்கள், இரண்டாவது டிஸ்க். அவர்கள் இரண்டு வண்டியில் வந்திருந்ததால் இரண்டு தடவை.

ஒரு டிஸ்க்கைப் பிடுங்கித் திரும்பச் செருகினால், அதில் இருந்த பழையதைப் பெட்டி நம்பாது. மற்ற நான்கையும் முதலிலிருந்து கடைசிவரை படித்து, கணக்குப் போட்டு, அந்த டிஸ்க் முழுவதையும் மறுபடி எழுதும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். அதே நேரத்தில் பதினான்கு பேர் வரைபடம் கேட்டுக்கொண்டிருந்தால் இன்னும் ஆகும். எங்கள் பெட்டி வாங்கிய நாள் முதலாக ஓயாமல் குணமாகிக்கொண்டே இருந்திருக்கிறது. அது வலியில் கத்தாமல் இருக்க வாயையும் அடைத்துவைத்திருந்தோம்.

தாளை எடுத்துக்கொண்டு எம்.டி.யிடம் போனேன். நிதானமாகப் படித்தார்.

‘‘பிடுங்கினாலும் ஓடும்னுதானே வாங்கினோம்?’’ என்றார்.

‘‘ஓடுது சார். நொண்டிக்கிட்டு ஓடுது. அது தானா செத்தா தாங்கணும்னு வெச்சிருக்கறது. நாமளா சாகடிக்கறதுக்கு இல்ல சார்.’’

‘‘அப்ப வர்றவங்களுக்கு எதைக் காட்டறது?’’

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஏழு லேத்தைக் காட்டினால் யாரும் ஆ என்று வாயைப் பிளக்க மாட்டார்கள். இந்தப் பெட்டி ஒன்றுதான் அவரைப் பெரிய மனிதராக்கியது. எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அந்தப் பாவத்தில்தான் பிறகு நடந்ததெல்லாம் நடந்தது.

பிளாட்டர் ஆபரேட்டரிடம் இதைச் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை. ‘‘அவருக்கு புட்ங்கறதுக்குன்னு தனியா ஒண்ணு குட்த்துடு மேடம். அத்த வெச்சி வெள்ளாடிகினு இருக்கட்டும்.’’

கையேட்டைப் பார்த்தேன். காலியாக இருந்த ஆறாவது அறைக்கு ஒரு வழி இருந்தது. அதில் ஒரு டிஸ்க்கை மாற்றாளாக வைக்கலாம். ஐந்தில் எது செத்தாலும் அது உடனே அந்த இடத்துக்கு வேலைக்குப் போகும். அதுவரை சும்மா பச்சை விளக்கை எரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதைப் பிடுங்கினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. எம்.டி. கேட்டவுடனே வாங்கிக் கொடுத்தார், வாங்குவதுதானே இம்ப்ரூவ்மென்ட். அடையாளம் தெரிய ஒரு பொட்டு வைக்கச் சொன்னேன். ஆபரேட்டர் அதன் கைப்பிடியில் சந்தனம் வைத்து மேலே குங்குமம் வைத்தார்.

‘‘இதுக்கு மட்டும் ஏன் பொட்டு?’’ என்று கேட்டார் எம்.டி.

‘‘அதுதான் சார் மெயின்’’ என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சிறந்த பொய் அது. அன்றிலிருந்து எம்.டி. வேறெதையும் தொடவில்லை. மெயினையே பிடுங்கிக் காட்டும்போது மற்றதெல்லாம் எதற்கு?

நான்கைந்து மாதம் எல்லாரும் சௌக்கியமாக இருந்தோம். ஐந்து டிஸ்க்குகள் வேலை செய்தன. ஆறாவது விருந்தாளிகளைக் கவனித்துக்கொண்டது.

ஆயுத பூஜை வந்தது. முதல் நாள் மதியம் மூன்று மணிக்கே எல்லா யந்திரங்களையும் நிறுத்தச் சொல்லிவிட்டார் எம்.டி. ‘மெஷினுக்கும் ரெஸ்ட் வேணும்.’ அதனால் அன்று மாலை டேப் எடுக்க முடியவில்லை. அதற்கு முந்தின நாள் டேப் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். லேத்திலிருந்து ஸ்டேப்ளர்வரை எல்லாவற்றுக்கும் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். பெட்டியில் ஆறு கைப்பிடிகளிலும் வரிசையாகச் சந்தனம், குங்குமம், நடுவில் ஒரு சாமந்தி. பொரியும் சுண்டலும் தின்றுகொண்டே நான் அதைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். வேறு ஒன்றுமே நினைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையலாம்போல இருக்கிறது.

விடுமுறை முடிந்த முதல் நாள் வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்தார். பம்பு கம்பெனிக்காரர், உயரம், அறுபதுக்குப் பக்கம் வயது, கைக்குட்டையால் ஓயாமல் நெற்றியைத் துடைத்தபடி. எங்களுக்கு வந்த வேலையில் பாதி அவருடையது. எம்.டி. அவரைக் கண்ணாடி அறைக்குள் அழைத்துப் போனதை என் இடத்திலிருந்து பார்த்தேன். பரவாயில்லை, ஆறாவதுதானே என்று வேலையைக் கவனித்தேன்.

உள்ளே நடந்ததை ஆபரேட்டர் பிறகு சொன்னார். எம்.டி. ஒன்றைப் பிடுங்கிக் காட்டியிருக்கிறார். வந்தவர் தலையாட்டிவிட்டு, ‘எதை வேண்டுமானாலும் எடுக்கலாமா?’ என்று கேட்டிருக்கிறார். எம்.டி. எடுத்ததைத் திரும்பச் செருகிவிட்டு, பெருமையோடு பக்கத்தில் இருந்ததைப் பிடுங்கியிருக்கிறார். ஐந்தில் ஒன்று போனால் தாங்குகிற பெட்டி அது. செருகியதும் இன்னும் குணமாகவில்லை, அதன் இடத்துக்குப் போன மாற்றாளும் எழுதி முடிக்கவில்லை. அதற்குள் இரண்டாவதும் போய்விட்டது.

மாடியில் பதினான்கு திரைகளும் ஒரே நேரத்தில் நின்றன. சினிமா நடுவில் கரண்ட் போனால் எழுவதுபோல எல்லோரும் எழுந்தார்கள். ‘‘ஏட்டி!’’ என்ற அக்காவின் குரலில் இந்தத் தடவை கிண்டல் இல்லை. நான் ஓடினேன். எம்.டி. ஒரு கையில் டிஸ்க்கை உயர்த்திப் பிடித்தபடி, ‘‘ஸ்டில் ரன்னிங், ஸ்டில் ரன்னிங்’’ என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் எல்லா விளக்குகளும் சிவப்பு.

‘‘சார், எதைப் பிடுங்கினீங்க?’’

‘‘பொட்டு வெச்சதைத்தான்மா பிடுங்கினேன்!’’

‘‘எல்லாத்துக்கும் பொட்டு இருக்கு சார்.’’

அவர் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். முகத்திலிருந்து எம்.டி. இறங்கிப் போய் ஓனர் மட்டும் மிஞ்சினார். ‘‘இன்னாம்மா இது, இப்ப இன்னாம்மா பண்றது?’’ என்றார் தாழ்ந்த குரலில்.

பிளாட்டரின் பக்கத்தில் ஆபரேட்டர் வெளிறிப்போய் நின்றார். ‘‘நான்தான் மேடம் வெச்சேன். நல்ல நாளும் அதுவுமா ஒண்ணுக்கு மட்டும் வெச்சிட்டு, மத்தத சும்மா உட்டா பாவமா கீதேன்னு…’’

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பொட்டை அடையாளமாக்கிய புத்திசாலி அவர் இல்லை. ஆயுத பூஜை என்று ஒன்று வருடா வருடம் வரும் என்பதை மறந்த சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டரும் அவர் இல்லை.

விற்பனையாளரின் ஆள் மதியம் வந்து, செத்த டிஸ்க்கை உயிரோடு இருப்பதாக நம்பவைத்துப் பெட்டியைக் கிளப்பப் பார்த்தார். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. திறந்தால் உள்ளே பம்பு இல்லை. கோடுகள் கொட்டிய சேமியாபோலக் கிடந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டு டேப்பிலிருந்து ஏற்றுவது ஒன்றுதான் வழி. வெளிநாட்டுக்காரர் ஓட்டலுக்குப் போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முதலில் நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போகப் போக அவர் நல்ல மாதிரிதான் என்று தெரிந்தது. அவர் ஊரிலும் ஒருமுறை இப்படி ஆகியிருக்கிறது. அங்கே முதலாளி காப்பியைக் கொட்டினாராம்.

‘‘முதலில் இருந்தே நீ அமைத்திருந்தால் எப்படி அமைத்திருப்பாய்?’’ என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை அந்தக் கட்டடத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினேன். ஆறு டிஸ்க்குகள், மூன்று ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். மூன்று ஜோடிகளையும் சேர்த்து ஒரு லாஜிக்கல் வால்யூம். துண்டு துண்டாக மூன்றிலும் பரப்பி எழுதும். இப்போதிருக்கிற முறையில் ஒரு சின்னக் கோட்டைச் சேமிக்கவும் பெட்டி பழையதைப் படித்து, பழைய கணக்கைப் படித்து, புதியதை எழுதி, புதிய கணக்கையும் எழுத வேண்டும். நம் ஆட்கள் நிமிடத்துக்கு ஒருமுறை சேமிப்பவர்கள். ஜோடி முறையில் அந்தக் கணக்கு வேலையே இல்லை.

எம்.டி. எட்டிப் பார்த்தார். ‘‘ஆறு வாங்கி மூணுலதான் வெக்க முடியும்கிறியா? மீதி மூணு வேஸ்ட்டா?’’

வெளிநாட்டுக்காரர் என்னைக் கேட்டு அதைப் புரிந்துகொண்டார். பிறகு எம்.டி.யிடம், ‘‘அவர் சொல்கிறபடி செய்யுங்கள்’’ என்றார். ஆங்கிலத்தில் சொன்னதால் எம்.டி.க்கு உடனே புரிந்துவிட்டது.

அன்று பொழுது சாயும்வரை பெட்டியைப் பிரித்து அமைத்தேன். மறுநாள் முழுக்க டேப் சுழன்றது. மாலைக்குள் வரைபடங்கள் வந்து சேர்ந்தன. டேப் எடுக்காமல் விட்ட அந்த ஒரு நாள் வேலையும், வந்தவர் முன்னால் போன காலை நேரமும் மட்டும் போனதுதான். பதினான்கு பேரும் அவற்றை மறுபடி வரைந்தார்கள். அக்கா வரைந்த ஒரு வால்வில் இருபத்திரண்டு திருகுகள். அத்தனையையும் இரண்டாம் முறை போட்டாள். என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எச்சரிக்கை ஒலியைத் திரும்ப உயிர்ப்பித்தேன். கண்ணாடி அறைச் சாவியை எம்.டி. தானாகவே என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

வேகம் வந்தது. முழுப் பம்பின் படம், எழுந்து நாற்காலியைத் தள்ளுவதற்குள் திறந்துவிடும். வெளிநாட்டுக்காரர் ஊர் போய்ச் சேர்ந்து இன்னும் இரண்டு மூட்டை வேலை அனுப்பினார். எம்.டி. நடந்ததை விரைவில் சீராக்கிக்கொண்டார். அடுத்து வந்த பாங்க் மேனேஜரிடம், ‘‘ஃபாரின் கஸ்டமர் முன்னாடி நாங்களே வேணும்னு சிஸ்டத்தை கிராஷ் பண்ணி, ரெகவரி டெமோ காட்டினோம். ஆள் அசந்துட்டார்’’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, ‘‘என்னம்மா?’’ என்றார். நான் தலையாட்டினேன். கிழக்குப் பார்த்து வைத்ததால்தான் இவ்வளவோடு போயிற்று என்றும் சேர்த்துக்கொண்டார். அதற்கும் தலையாட்டினேன்.

அந்த மாதக் கடைசியில் எம்.டி. வரைவாளர்களைக் கூட்டினார். சிஸ்டம் இப்போது வேகமாகிவிட்டதால் ஒருவர் ஒரு நாளைக்கு வரைய வேண்டிய படங்கள் கூட்டப்படுகின்றன என்றார். காத்திருக்கிற நேரம் மிச்சமாகிறது இல்லையா? எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சர்வர் படுத்துக்கிடந்த நாட்களில்கூட அவர்கள் அப்படிப் பார்த்ததில்லை.

ஒரு வாரம் யாரும் என்னோடு டீ குடிக்க வரவில்லை. அக்கா ரயிலில் பெண்கள் பெட்டியின் மறுகோடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். எட்டாம் நாள் அம்பத்தூர் தாண்டியதும் எழுந்துவந்து என் எதிரில் உட்கார்ந்தாள். மணிக்கட்டைப் பிடித்து நீவிக்கொண்டிருந்தாள்.

‘‘வலிக்குதாக்கா?’’

‘‘வலிக்காம? முந்தி அது முக்குற நேரம் கைக்கு ஓய்வாச்சே.’’ மணிக்கட்டை விட்டுவிட்டு என் பக்கம் குனிந்தாள். ‘‘நீ செஞ்சதைத் தப்புன்னு சொல்லலட்டி. உன் வேலை அது. ஆனா அடுத்தாப்புல எதையாச்சும் வேகமாக்கணும்னு தோணிச்சுன்னா, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடு.’’

‘‘சரிக்கா’’ என்றேன்.

என் பையில் ஒரு நோட்டு இருந்தது. பிளாட்டருக்குப் போகும் படங்களைத் தனி வால்யூமுக்கு மாற்றினால் இன்னும் எவ்வளவு மிச்சமாகும் என்று அன்று மதியம்தான் அதில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதை எடுத்து அவளிடம் காட்டினேன். அண்ணனூர்வரை பொறுமையாகப் படித்தாள். பிறகு மூடி, என் பைக்குள் தானே வைத்து, ஜிப்பையும் இழுத்துவிட்டாள்.

அந்தக் கம்பெனியில் நான் இருந்தவரை பிளாட்டர் பழைய வேகத்தில்தான் ஓடியது.